தாழ்ப்பாளுக்கு உள்ளே சோப்பு

பாத்ரூம் கழுவும் நாள் என்று பெரும்பாலான வீடுகளில் ஒரு நாள் உண்டு. அன்றைக்கு ஆசிட் பாட்டில் வெளியே வரும். கோப்பைக்குள் நீலத் திரவம் ஊற்றி ஊற வைப்பார்கள். டைல்ஸ் இடுக்கில் படிந்த மஞ்சள் கறையைத் தேய்த்துத் தேய்த்து முழங்கை வலிக்கும். கடைசியில் ஒரு மூடி பினாயில். அந்த வாசனை கூடம் வரைக்கும் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள். இந்த உழைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வழுக்காத தரையும் நாற்றமில்லாத அறையும் எல்லோருக்கும் வேண்டியவைதான். ஆனால் வீட்டில் ஒருவருக்கு வந்த வயிற்றுப்போக்கு அடுத்தவருக்குத் தொற்றாமல் இருக்க இந்த உழைப்பு எவ்வளவு உதவுகிறது என்று கேட்டால் பதில் சங்கடமாகத்தான் இருக்கும். தேய்த்துக் கழுவும் இடங்களில் பெரும்பாலானவற்றை யாரும் கையால் தொடுவதே இல்லை. மக்கின் கைப்பிடி, குழாயின் திருகு, ஃப்ளஷ் பொத்தான், தாழ்ப்பாள், கதவுக்கு வெளியே இருக்கும் லைட் சுவிட்ச் என்று எல்லோர் கையும் நாள் முழுக்கப் படும் இடங்கள் அன்றைக்கும் அப்படியே விடப்படுகின்றன. நாம் கழுவுவது நாற்றம் இருக்கும் இடத்தை. நோயோ கை போகும் வழியில் போகிறது.

மலத்தில் இருக்கும் கிருமி இன்னொருவர் வாய்க்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை வாக்னர், லனுவா என்ற இருவர் 1958-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூல் ஒன்றில் படமாக வரைந்து காட்டினார்கள். தண்ணீர், விரல், ஈ, மண் ஆகியவற்றின் வழியாக உணவுக்கு, உணவிலிருந்து வாய்க்கு. சுகாதாரத் துறையில் இன்றுவரை பாடமாகச் சொல்லப்படும் படம் அது. அதை நம் ஊர் நகரத்து வீடு ஒன்றின் மேல் வைத்துப் பாருங்கள். ஃப்ளஷ் செய்ததும் மலம் குழாய் வழியே போய்விடுகிறது. ஈ மொய்க்க அங்கே ஒன்றுமில்லை. தரை சிமெண்டும் டைல்ஸும். குடிநீர் கேனில் வருகிறது, அல்லது வடிகட்டியோ கொதிக்க வைத்தோ குடிக்கிறோம். மற்ற வழிகளெல்லாம் முழுதாக இல்லாவிட்டாலும் ஓரளவுக்கு அடைபட்டிருக்கின்றன. விரல் மட்டும் அன்று போலவே இன்றும் திறந்த வழி. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியா வெறும் 10 முதல் 100 வரை உள்ளே போனாலே நோய் வந்துவிடும். நகக்கண்ணில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ், கண் மஞ்சளாவதற்கு ஓரிரு வாரம் முன்பிருந்தே மலத்தில் வெளியேறத் தொடங்கிவிடுகிறது. அதாவது யாருக்கு நோய் என்று வீட்டில் தெரிவதற்குள் அவர் கை எல்லா இடத்தையும் தொட்டு முடித்திருக்கும்.

கழிப்பறை கட்டிக் கொடுத்தாலே இந்தச் சங்கிலி அறுந்துவிடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் அறிஞர்களுக்கே இருந்தது. ஒடிசாவில் 100 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களில் கழிப்பறை கட்டும் திட்டத்தை நடத்தி, மீதியை ஒப்பீட்டுக்காக விட்டு ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2014-ல் வந்தன. திட்டம் நடந்த ஊர்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கோ இரண்டு வகை ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கட்டிய கழிப்பறையை எல்லோரும் பயன்படுத்தவில்லை என்பது இதற்கு முக்கியமான காரணம். ஆகவே கழிப்பறையால் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. ஆனால் ஒன்றை மறக்க முடியாது: எவ்வளவு நல்ல கழிப்பறையும் உட்கார்ந்து எழுந்தவரின் கையைக் கழுவித் தராது. அந்த வேலை தனி.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். நாம் காகிதத்தால் துடைப்பவர்கள் அல்ல, தண்ணீரால் கழுவுகிறவர்கள். நம் பழக்கம் அவர்களுடையதைவிடச் சுத்தம். உடம்பைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் காகிதம் இடையில் இல்லாததால், கையைப் பொறுத்தவரை நம் பழக்கத்துக்குச் சோப்பு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. வெறும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதாதா? லண்டனில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் அளந்து பார்த்தது. 20 பேரைப் பொது இடங்களில் கதவுக் கைப்பிடிகளையும் கைப்பிடிக் கம்பிகளையும் தொட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அதன்பின் சில முறை கழுவாமல், சில முறை தண்ணீரில் மட்டும், சில முறை சாதாரணச் சோப்பு போட்டு என்று மாற்றி மாற்றிச் செய்யவைத்துக் கையைச் சோதித்தார்கள். கழுவாத கைகளில் 44 சதவீதத்தில் மலத்திலிருந்து வரக்கூடிய பாக்டீரியா இருந்தது. தண்ணீரில் மட்டும் கழுவியபோது 23 சதவீதம். சோப்பு போட்டபோது 8. தண்ணீர் பாதி வேலையைத்தான் செய்கிறது. கையில் இயல்பாக இருக்கும் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பசையைப் பிரித்து எடுத்துப்போவது சோப்புதான்.

நோய் உண்மையிலேயே குறைகிறதா என்பதற்குக் கராச்சியில் நடந்த ஆய்வைப் பார்க்கலாம். அங்கே ஏழைகள் வாழும் பகுதிகளில் வீடுவீடாகச் சோப்பு கொடுத்து, வாரந்தோறும் ஆட்கள் போய்க் கை கழுவச் சொல்லி ஊக்கப்படுத்தினார்கள். 2005-ல் லான்செட் இதழில் வந்த முடிவுகளின்படி, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் வயிற்றுப்போக்கு 53 சதவீதம் குறைந்தது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களிடம் நிமோனியாவே பாதியாகக் குறைந்தது. வாரம் தவறாமல் ஒருவர் வந்து கதவைத் தட்டும்போது யாரும் ஒழுங்காக இருப்பார்கள் என்பதால், எல்லா ஊரிலும் இதே அளவு பலன் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. பாதி பலன் வந்தாலும் ஒரு சோப்புக்கட்டிக்கு அது பெரிய காரியம். இந்தியாவின் நிலையை 2018-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76-ஆவது சுற்று சொல்கிறது. மலம் கழித்தபின் சோப்பால் கை கழுவுவதாகச் சொன்ன வீடுகள் 74 சதவீதம். சாப்பிடும் முன் சோப்பு போடுவதாகச் சொன்னவை 36 சதவீதத்துக்கும் குறைவு. கேள்வி கேட்டபோது வந்த பதில் இது என்பதை மறக்க வேண்டாம். கை கழுவும் பழக்கத்தைப் பற்றிக் கேட்டால் யாரும் தன்னைக் குறைத்துச் சொல்லிக்கொள்வதில்லை.

சரி, சோப்பு போடுகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே நின்று போடுகிறோம்? நம் வீடுகளின் அமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். பல வீடுகளில் டாய்லெட் தனி, குளியலறை தனி. டாய்லெட்டுக்குள் ஒரு குழாய், ஒரு பக்கெட், ஒரு மக், இப்போது ஒரு ஹெல்த் ஃபாசெட். சோப்பு குளியலறையில் இருக்கும். இல்லாவிட்டால் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்து வாஷ்பேசினில். உட்கார்ந்து எழுந்தவர் இடது கையைத் தண்ணீரில் அலசுகிறார். அந்தக் கையாலேயே குழாயைத் திருகி மூடுகிறார். மக்கைப் பக்கெட்டுக்குள் போடுகிறார். அது கைப்பிடியோடு மூழ்கி மிதக்கிறது, அடுத்து வருபவர் மொள்ளப்போகும் தண்ணீரில். ஃப்ளஷ் பொத்தானை அழுத்துகிறார். ஈரக் கையால் தாழ்ப்பாளை நீக்குகிறார். வெளியே வந்து சுவிட்சை அணைக்கிறார். நடந்துபோய் வாஷ்பேசின் குழாயைத் திறக்கிறார். இத்தனையும் தொட்டு முடித்த பிறகுதான் சோப்பு. கை சுத்தமாகிவிட்டது, ஆனால் கையில் இருந்ததில் ஒரு பங்கை வழியெல்லாம் வைத்துவிட்டு வந்திருக்கிறது. இப்போது அந்தச் சுத்தமான கை, சற்றுமுன் தானே திறந்த குழாயை மூடுகிறது. நாள் ஒன்றுக்கு நான்கைந்து பேர் இதே வழியில் போய்வரும் வீட்டில் தாழ்ப்பாளும் குழாய்த் திருகும் என்ன நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வீட்டுக் கழிப்பறைச் சுகாதாரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால், அது சோப்பைத் தாழ்ப்பாளுக்கு உள்ளே கொண்டுவருவது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்ததும் கைக்கெட்டும் தூரத்தில், டாய்லெட் குழாய்க்குப் பக்கத்திலேயே ஒரு சோப்பு. கதவைத் தொடும் முன் கை கழுவியாக வேண்டும். குழாயைத் திறந்த கையில் நுரை இருக்கும்போதே திருகின்மேலும் ஒரு தேய்ப்பு தேய்த்துத் தண்ணீர் விட்டால் அதுவும் சுத்தமாகிவிடும். தனியாகத் துடைக்கும் வேலை மிச்சம். மக்கைப் பக்கெட்டில் மிதக்க விடாமல் ஆணியில் மாட்டுவது இதன் தொடர்ச்சி. ஹெல்த் ஃபாசெட் வைத்திருப்பவர்கள் மக் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். மக்கின் கைப்பிடிக்குப் பதில் அதன் விசையை எல்லோரும் அழுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

டாய்லெட்டுக்குள் ஒரே சோப்பை எல்லோரும் தொட்டால் அந்தச் சோப்பே கிருமியைப் பரப்பாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான அருவருப்பு. 1988-ல் வெளியான ஓர் ஆய்வில் வேண்டுமென்றே பாக்டீரியா தடவிய கட்டிச் சோப்பால் 16 பேரைக் கை கழுவச் சொல்லிப் பார்த்தார்கள். யார் கையிலும் அந்த பாக்டீரியா கண்டறியும் அளவுக்கு ஒட்டவில்லை. செய்தவர்கள் சோப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். ஆனாலும் காரணம் எளிது: கட்டியின் மேல் இருப்பது நுரையோடு சேர்ந்து தண்ணீரில் போய்விடுகிறது. கெடுதல் வருவது சோப்புப் பெட்டியிலிருந்து. அடியில் தண்ணீர் தேங்கி, சோப்பு கூழாகி, அந்தக் கூழில் விரலை விட்டு எடுக்கும் நிலை இருந்தால் பெட்டியை மாற்றுங்கள்; அடியில் ஓட்டை உள்ளதாக. திரவச் சோப்பு இன்னும் பாதுகாப்பு என்ற நினைப்பிலும் ஒரு திருத்தம் உண்டு. அமெரிக்காவில் பொதுக் கழிப்பறைகளில், மேலிருந்து ஊற்றி நிரப்பும் வகைச் சோப்புப் பெட்டிகளைச் சோதித்தபோது நான்கில் ஒன்றில் பாக்டீரியா பெருகியிருந்தது. நம் வீடுகளில் தீரப்போகும் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி இன்னும் பத்து நாள் ஓட்டுவோமே, அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். சோப்பின் உறையில் கிருமிநாசினி என்று எழுதியிருக்கிறதா என்று தேட வேண்டாம். கராச்சி ஆய்வில் ஒரு பகுதியினருக்குச் சாதாரணச் சோப்பும் இன்னொரு பகுதியினருக்குக் கிருமிநாசினி கலந்த சோப்பும் கொடுத்திருந்தார்கள். பலனில் வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016-ல் டிரைக்ளோசான் உட்பட 19 பொருட்களை வீட்டு உபயோகச் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்றே விதி செய்துவிட்டது. சாதாரணச் சோப்பைவிட அவை மேல் என்று உற்பத்தியாளர்களால் நிரூபிக்க முடியவில்லை.

கழுவிய கையை எதில் துடைக்கிறோம் என்பது சிறிய விஷயம் போலத் தெரியும். ஈரக் கை, காய்ந்த கையைவிடப் பல மடங்கு கிருமியைத் தொட்ட பொருளுக்குக் கடத்துகிறது. தொட்ட பொருளிலிருந்து கிருமியை ஏற்றுக்கொண்டும் வருகிறது. பாத்ரூம் கதவின் பின்னால் எப்போதும் தொங்கும் துண்டு, வெயிலே காணாமல் சொதசொதவென்ற ஈரத்தோடு, வீட்டார் அனைவருக்கும் பொதுவாக இருக்கும். அதில் துடைப்பதைவிடக் கையை உதறி உலர விடுவது மேல். இரண்டு நாளுக்கு ஒரு முறை துவைத்து மொட்டை மாடி வெயிலில் காயப் போட முடியுமானால் துண்டு நல்லதுதான். முகத்துக்கு வேறு, கைக்கு வேறு என்று பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இப்போது சமூக ஊடகங்களில் அதிகம் பேசப்படும் பயத்துக்கு வரலாம்: ஃப்ளஷ் செய்யும்போது கிளம்பும் சாரல். இது கட்டுக்கதை இல்லை. நுண்ணுயிரியல் பேராசிரியர் சார்லஸ் கெர்பாவும் உடன் பணியாற்றியவர்களும் 1975-லேயே இதை அளந்து எழுதினார்கள். கோப்பைக்குள் விட்ட பாக்டீரியாவும் வைரஸும் அறையின் மற்றப் பரப்புகளில் படிந்திருந்தன. 2022-ல் கொலராடோ பல்கலைக்கழகப் பொறியாளர்கள் பச்சை லேசர் ஒளியைப் பாய்ச்சி அந்தச் சாரலைக் கண்ணுக்கே தெரியும்படி படம்பிடித்தார்கள். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 8 நொடிக்குள் ஒன்றரை மீட்டர் உயரம் வரை எழுந்தது. பார்த்தவர்கள் மிரண்டதில் வியப்பில்லை. மூடியை மூடிவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள் என்ற அறிவுரை அதன்பின் எங்கும் பரவியது. ஆனால் அதே கெர்பாவின் குழு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், மூடியை மூடினாலும் திறந்து வைத்தாலும் சுற்றியுள்ள பரப்புகளில் படியும் வைரஸின் அளவில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. மூடிக்கும் இருக்கைக்கும் நடுவே இருக்கும் சந்து அதற்குப் போதுமாக இருக்கிறது. பெரிய துளிகள் தெறிப்பதை மூடி தடுக்கும், அதனால் மூடுவதில் நஷ்டமில்லை. பல் பிரஷ்ஷை டாய்லெட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அலமாரிக்குள் வையுங்கள். இதற்கு மேல் இந்தச் சாரலுக்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. சாரலில் படிந்த சிறு அளவைவிட, கழுவாத கை நேராகக் கொண்டுபோய்ச் சட்னிக் கிண்ணத்தில் வைப்பது எத்தனையோ மடங்கு. அதே பேராசிரியரும் மற்றவர்களும் 1998-ல் வீடுகளைச் சோதித்தபோது கழிப்பறை இருக்கையைவிடச் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில்தான் கிருமி அதிகம் இருந்தது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் என்று மூன்றையும் ஒரே வேலைக்கான மூன்று பெயர்கள் போல நடத்துகிறோம். ஆசிட் உப்புக்கறையைக் கரைக்கிறது. பினாயிலின் வாசனைக்கும் கிருமி சாவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நிறையத் தண்ணீரில் ஒரு மூடி கலந்து உடனே தள்ளிவிடுவதில் அறை மணக்கும், அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. கிருமியைக் கொல்வதில் விலை குறைந்த, நம்பகமான பொருள் குளோரின் சார்ந்தது, அதாவது பிளீச். ஆனால் ஆசிட்டோடு அதைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் அது நுரையீரலைச் சுட்டுவிடும். கோப்பைக்கு ஊற்றும் நீலத் திரவங்கள் பலவற்றிலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான் இருக்கிறது. கறை போகவில்லையே என்று அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவது வீட்டில் நடக்கும் உண்மையான ஆபத்து. கிருமியைவிட இதற்குத்தான் முதலில் பயப்பட வேண்டும். பிளீச்சிங் பவுடர் பொட்டலம் பிரித்து மாதக்கணக்கில் ஈரம் பட்டுக் கிடந்தால் வீரியம் போய்விடும். அழுக்கின் மேல் ஊற்றினால் அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். முதலில் சோப்பால் தேய்த்துக் கழுவி, பிறகு பிளீச் கரைசலைத் தடவிப் பத்து நிமிடமாவது விட்டால்தான் பலன்.

அதையும் தினமும் செய்ய வேண்டியதில்லை. செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் நாள்தோறும் பிளீச் ஊற்றினால் உள்ளே கழிவை மட்க வைக்கும் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்று தொட்டியைக் கெடுத்துக்கொள்வீர்கள். பிளீச்சுக்கு உரிய நேரம் வீட்டில் ஒருவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்திருக்கும் நாட்கள். சால்மோனெல்லா தொற்று ஏற்பட்ட வீடுகளைப் பிரிட்டனில் ஆராய்ந்தபோது, ஆறு வீடுகளில் நான்கில், கோப்பையின் விளிம்புக்கு அடியில் பிரஷ் எட்டாத மடிப்பில் படிந்திருந்த வழுவழுப்பில் அந்த பாக்டீரியா நான்கு வாரம் வரைகூட உயிரோடு இருந்தது. அந்த மடிப்புக்கும், மேலே சொன்ன கைபடும் இடங்களுக்கும் அந்த வாரங்களில் பிளீச் போக வேண்டும். வாந்தியும் பேதியும் தரும் நோரோவைரஸுக்கு சானிடைசர் அவ்வளவாகக் கேட்காது, சோப்பும் தண்ணீரும்தான். இன்னொன்று, குழந்தையின் மலம். பால் குடிக்கும் குழந்தைதானே, அதில் என்ன இருக்கிறது என்று வாஷ்பேசினிலேயே கழுவிவிடும் வீடுகள் உண்டு. சின்னக் குழந்தைகள்தான் அடிக்கடி வயிற்றுத் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்பதால் அவர்கள் மலத்தில் கிருமி குறைவு என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. குழந்தைக்குக் கழுவிவிட்ட கைக்கும் தனக்குக் கழுவிய கைக்கும் ஒரே சட்டம்தான்.

நாற்றத்தைத் துரத்துவதைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, நாற்றத்தைக் கவனித்தே ஆக வேண்டிய ஓர் இடமும் உண்டு: தரையில் தண்ணீர் போகும் சல்லடைக்குக் கீழே, பிளம்பர்கள் நானி டிராப் என்று சொல்லும் கிண்ணம். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றுகொண்டிருக்க வேண்டும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுக்கும் பூட்டு அந்தத் தண்ணீர்தான். 2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பரவி 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வயிற்றுப்போக்கோடு அங்கே வந்து தங்கிய ஒரு நோயாளியிடமிருந்து அது தொடங்கியது. அங்கே பாத்ரூம் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே பழகியவர்கள். அதனால் பல வீடுகளில் அந்தப் பூட்டு வறண்டு கிடந்தது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டபோது குழாய்க்குள் இருந்த காற்று துளிகளோடு அறைக்குள் இழுக்கப்பட்டது என்பது அரசு விசாரணையின் விளக்கம். தரை முழுக்கத் தண்ணீர் ஊற்றும் நம் பழக்கம் இந்த விஷயத்தில் நம்மைக் காப்பாற்றுகிறது. ஆனால் விருந்தினருக்கென்று கட்டி வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பாத்ரூமிலும், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் வீட்டிலும் பூட்டு வறண்டிருக்கும். அங்கே அடிக்கும் நாற்றத்துக்கு ரூம் ஸ்பிரே தேவையில்லை. ஒரு மக் தண்ணீர் போதும்.

இவ்வளவு சுத்தம் பார்த்தால் குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி வராது என்பது படித்தவர்களிடமிருந்தே அதிகம் வரும் மறுப்பு. இதற்கு மூலம் 1989-ல் தொற்றுநோயியல் ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ராச்சன் எழுதிய சிறு கட்டுரை. உடன்பிறந்தவர்கள் நிறைய உள்ள குழந்தைகளுக்கு ஒவ்வாமைச் சளி குறைவாக இருப்பதைக் கண்டு, சிறு வயதில் தொற்றுகள் அதிகம் வந்ததே காரணமாக இருக்கலாம் என்றார் அவர். பின்னர் வந்த ஆய்வாளர்கள் இதை வெகுவாகத் திருத்திவிட்டார்கள். கிரஹாம் ரூக் போன்றவர்கள் சொல்வது, எதிர்ப்பு மண்டலத்துக்குப் பாடம் எடுப்பவை தாயின் உடம்பிலும் மண்ணிலும் விலங்குகளிடமும் மனிதகுலத்தோடு பல்லாயிரம் ஆண்டுகள் கூடவே இருந்துவரும் நுண்ணுயிர்கள் என்பது. டைபாய்டும் சீதபேதியும் அந்த ஆசிரியர் பட்டியலில் இல்லை. 2016-ல் வீட்டுச் சுகாதாரத்தைப் பற்றி எழுதும் சாலி புளூம்ஃபீல்டும் ரூக்கும் மற்றவர்களும் சேர்ந்து ஸ்ட்ராச்சனின் கருத்துக்கு வழங்கிவந்த ‘சுகாதாரக் கருதுகோள்’ என்ற பெயரையே கைவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எழுதினார்கள். பிள்ளை தெருவில் விளையாடட்டும், மண்ணைக் கிளறட்டும், நாய்க்குட்டியைக் கொஞ்சட்டும். டாய்லெட்டிலிருந்து வரும்போது மட்டும் சோப்பு போடட்டும். இரண்டுக்கும் முரண்பாடே இல்லை. பார்க்கப்போனால், எப்போது எங்கே சுத்தம் தேவை என்று தெரிந்துகொண்டால் மற்ற இடங்களில் தாராளமாக இருக்கலாம்.

தண்ணீர்ப் பஞ்சம் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்தவர்களிடம் கை கழுவும் போதனை எடுபடாது. ஆனால் கணக்குப் பார்த்தால் கைக்குச் சோப்பு போட அரை மக் தண்ணீர் போதும். தரை முழுக்க ஊற்றிக் கழுவும் ஒரு நாள் தண்ணீரில் ஒரு குடும்பம் பல நாள் கை கழுவலாம். தட்டுப்பாட்டு நாட்களில் முதலில் நிறுத்த வேண்டியது தரை கழுவுவது. சோப்பும் கட்டுப்படியாகவில்லை என்றால், கொஞ்சம் துணி சோப்புத் தூளைத் தண்ணீரில் கரைத்து மூடியில் துளையிட்ட பழைய பாட்டிலில் ஊற்றி வைப்பதும் வேலை செய்யும். வங்கதேசத்தில் இதைப் பரவலாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பஞ்சத்துக்காகப் பிடித்து வைக்கும் டிரம்மும் அண்டாவும் இன்னொரு ஆபத்தைக் கொண்டுவருவதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டெங்கு கொசு நீர்மட்டத்தை ஒட்டிப் பாத்திரத்தின் சுவரில் முட்டையிடுகிறது; தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து மறுபடி நீர் பட்டதும் பொரியும். வாரம் ஒரு முறை உட்புறத்தை நாரால் தேய்க்காமல் வெறுமனே கவிழ்ப்பதில் பயனில்லை.

இத்தனையும் தெரிந்தும் ஏன் யாரும் செய்வதில்லை? கிருமிப் பாடம் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். தமிழகத்தை ஒட்டிய சித்தூர் மாவட்டத்தில் 14 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்து 2014-ல் முடிவுகள் வெளியாயின. அதில் கிருமி, நோய் என்ற பேச்சையே எடுக்காமல், பிள்ளையை நன்றாக வளர்க்கும் ஒரு தாயைக் கதைநாயகியாக்கி நாடகமும் படமும் காட்டினார்கள். பிரசாரம் நடந்த ஊர்களில் முக்கியமான நேரங்களில் சோப்பால் கை கழுவுவது ஆறு மாதம் கழித்து 37 சதவீதமாக இருந்தது. மற்ற ஊர்களில் 6 சதவீதம். இங்கே ஆட்கள் வீட்டில் உட்கார்ந்து கண்ணால் பார்த்துக் குறித்த கணக்கு, வாய்க் கணக்கு இல்லை. வங்கதேசத்தில் இரண்டு பள்ளிகளில் போதனையே செய்யவில்லை. கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடம் வரைக்கும் பளிச்சென்று ஒரு பாதையும் அதில் காலடித் தடங்களும் வரைந்து, கழுவும் இடத்தில் கை அச்சுகளையும் வரைந்தார்கள். சோப்பு போடும் பிள்ளைகள் 4 சதவீதத்திலிருந்து மறுநாளே 68 சதவீதமானார்கள். ஆறு வாரம் கழித்து 74. கண்ணுக்கு முன்னால், கால் போகும் வழியில் இருப்பதைத்தான் கை செய்யும்.

நம் வீடுகளில் அந்த வழியைத் தீர்மானிப்பவர்கள் கொத்தனாரும் பிளம்பரும் டைல்ஸ் ஒட்டுபவரும். கோப்பைக்குப் பக்கத்தில் ஹெல்த் ஃபாசெட்டுக்கு ஒரு பாயிண்ட், பக்கெட்டுக்கு ஒரு குழாய், டிஷ்யூ தாளுக்கு ஒரு மாட்டி என்று எல்லாம் கேட்காமலே வந்துவிடுகிறது. சோப்புக்கு இடம் கேட்டால்தான் கிடைக்கும். வீடு கட்டுபவர்கள் டைல்ஸ் ஒட்டும் முன்பே, உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் உயரத்தில், தண்ணீர் வடியச் சற்றே சாய்வாக, சுவரில் ஒரு சின்ன மாடம் விடச் சொல்லலாம். கூடவே குழாயை முழங்கையால் தட்டி மூடும் நீளப் பிடி உள்ளதாகப் போடச் சொன்னால் திருகுப் பிரச்சினையும் தீர்ந்தது. வாடகை வீட்டுக்காரர்கள் ஓட்டை போட முடியாது. பழைய நைலான் வலைப்பையில் ஒரு சோப்பைப் போட்டுக் குழாயின் கழுத்திலேயே கட்டிவிட்டால், அது கீழே விழாது, கூழாகாது, காற்றில் காய்ந்துகொள்ளும், வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார்.